அழிக்காமல் வைத்த பொம்மை

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். புதுப் பொம்மை என்று சொல்லி ஒரு பழைய பொம்மையைக் கொலுவில் வைத்துவிட்டேன்.

முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே விளங்கும். இந்த வீட்டுக் கொலு மதினியுடையது. மாட வீதியில் மதினியின் அம்மா வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் சென்னைக்குக் குடிபோனபோது இரண்டு தகரப் பெட்டி நிறையப் பொம்மைகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வருடம் தவறக் கூடாது, வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும், படியேறிய பொம்மையை விஜயதசமி முடியும்வரை இறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். மதினி இதில் நூலளவும் பிசகமாட்டார். வேல்சாமி அண்ணன் லாரியோடு குஜராத் போயிருப்பதால் இந்த வருடம் புதுப் பொம்மை வாங்கும் வேலை என்னிடம் வந்தது. பகலில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி பேக்கிங் வேலை, மாலையில் அங்கேயே கம்ப்யூட்டர், செல்போன் பழுதுபார்க்கும் வகுப்பு, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்கும் ஓட்டம். நான் மறந்தே போனேன்.

என் பையில் இருந்தது யாசின் கொடுத்த விளையாட்டுப் பெட்டி மட்டும்தான். யாசின் என்னோடு படிக்கிறவன். பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கடை அவன் அத்தா சேக் முகைதீனுடையது. ஒரு மொத்தச் சரக்கில் வந்த பெட்டியை, "ஒங்க அண்ணன் மகளுக்குக் குடு" என்று தந்தான். அதில் ஒரு குறுந்தகடும், அகலமான ஒரு தட்டும், ஒரே ஒரு பொம்மையும் இருந்தன. தட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி அதன்மேல் பொம்மையை நிறுத்தினால், அந்தப் பொம்மை விளையாட்டுக்குள் எழுந்து நடக்கும். எந்தப் பொம்மையை நிறுத்துகிறோமோ அதற்குரிய இடங்கள் மட்டும் திறக்கும். விளையாடியதெல்லாம் பொம்மையின் அடியில் பதித்த சிப்பில் சேர்ந்துகொண்டே போகும். வேறு வீட்டுக்குக் கொண்டுபோனாலும் பொம்மை எதையும் மறக்காது.

பச்சை அங்கி போட்ட ஒரு சிறுமி. கையில் லாந்தர் விளக்கு. முகம் மட்டும் இல்லை. யாரோ பெருவிரலால் வருடக்கணக்கில் தேய்த்ததுபோல் கண், மூக்கு, வாய் எல்லாம் மழுங்கி வெறும் வழவழப்பாகக் கிடந்தது.

"மூஞ்சியே இல்ல. ஏட்டி, இதுவா புதுசு?" என்றார் மதினி.

"வெளிநாட்டுப் பொம்மை மதினி. அப்படித்தான் இருக்கும்."

"ரிப்பேரு படிக்கப் போற லெச்சணம் இதுலயே தெரியுது. வை, வை. நல்ல நேரம் போயிரும்."

கீழ்ப்படியில் வைத்தேன். உடனே அண்ணன் மகள் கோதை அழ ஆரம்பித்தாள். ஆறு வயது. இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் படுத்திருந்தாலும் எழுந்து வாசலுக்கு ஓடி வருகிற ஒரே ஆள் அவள்தான். பொம்மையைப் படியில் ஏற்றியாயிற்று, இனி இறக்க முடியாது, அப்புறம் எப்படி விளையாடுவது என்று அழுகை. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தட்டைக் கீழ்ப்படியின் விரிப்புக்கு மேலேயே வைத்து, அதில் பொம்மையை நிறுத்தி, ஒயரைப் படிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் பழைய பாகங்களைச் சேர்த்து நான் மாட்டிய கம்ப்யூட்டரில் செருகினேன். பொம்மையை இறக்காமலே விளையாடலாம். தட்டின் விளிம்பில் நீல வெளிச்சம் வந்ததும் மதினிகூட, "பரவாயில்ல, சீரியல் லைட்டு வேண்டாம்" என்றார்.

திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தப் பொம்மை ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம், அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. சொந்தக்காரர் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழித்தால் பழைய ஆள் திறந்து வைத்திருக்கிற பாலமும் தோட்டமும் நீர் ஆலையும் பூட்டிக்கொள்ளும். அது தெரிந்ததும் கோதை மறுபடி உதட்டைப் பிதுக்கினாள். நான் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன்.

நாளை: யாசினிடம் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 24, புதன்

கேட்டேன். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"தட்டுல வைக்குறதுக்கு முந்தி அழிச்சிருன்னு சொன்னேனா இல்லையா?"

"பிள்ளை அழுதுச்சு யாசின்."

"பிள்ளை அழுதா மிட்டாய் வாங்கிக் குடு. எவனோ சேத்து வச்சதத் தூக்கியா குடுப்பாக?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான்தான் எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்துப் பால்கோவாப் பட்டறையில் பால் சுண்டும் வாசமும் கொலுவின் சாம்பிராணிப் புகையும் கலந்து கூடம் முழுக்கத் திணறலாக இருந்தது. காலாண்டுப் பரீட்சையில் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த கோதை மதியத்திலிருந்தே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பச்சை அங்கிக்காரி தோட்டத்தைத் தாண்டி ஒரு பெரிய கதவுக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். இந்தக் கதவைத் திறக்க இன்னொரு பொம்மை வேண்டும் என்று திரை சொன்னது. எந்தப் பொம்மை என்று காட்ட, கதவின்மேல் கறுப்பு நிழலாக ஓர் உருவம். குட்டையான உருவம் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

யாசின் இதையும் சொல்லியிருந்தான். ஒன்றை வாங்கியவனிடம் அடுத்ததன் நிழலைக் காட்டி ஆசை காட்டுவார்களாம், அதுதான் அவர்கள் வியாபாரம். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை, பொம்மையும் எங்கும் கிடைக்காது.

"அந்தப் பொம்மை கெடைக்காதுடா தங்கம்," என்றேன்.

"கெடைக்கும் அத்தை," என்றாள் கோதை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

படுக்கும் முன் கம்ப்யூட்டரை அணைத்தேன். தட்டின் நீல வெளிச்சம் அணையவில்லை. கம்ப்யூட்டர் அணைந்த பிறகும் சில துளைகளில் மின்சாரம் ஓடும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். அதனால் இது சாதாரணம்தான். அப்படித்தான் எழுதி வைக்கிறேன்.

நாளை: ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

ஒயரைப் பிடுங்க முடியவில்லை. படிக்குப் பின்னால் கை விட்டபோது தட்டு அசைந்தது. பொம்மை சரிந்தால் அபசகுனம் என்று மதினி என் கையைத் தட்டிவிட்டார். எனக்கும் அதற்குமேல் வாதாடத் தைரியம் இல்லை. இருப்பது அவர்கள் வீடு.

இன்று புரட்டாசி சனி. மதினியும் நானும் கோதையும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அடிவாரத்திலிருந்தே கூட்டம். துளசி, கற்பூரம், வியர்வை, மிதிபட்ட வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து வெயிலில் வேகிற வாசம். எல்லோருக்கும் முதுகு நனைந்திருந்தது. நான் பிடித்திருந்த கோதையின் கை மட்டும் ஈரமில்லாமல், வழுவழுவென்று இருந்தது. படியேறும்போது கால் வலிக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. போன வருடம் என் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை.

வரிசையில் நிற்கும்போது நிமிர்ந்து பார்த்து, "கதவுக்கு அந்தப் பக்கமும் இம்புட்டுக் கூட்டமாத்தான் இருக்கு," என்றாள்.

"எந்தக் கதவு?"

"அவ நிக்கால்ல, அந்தக் கதவு. அவளுக்கு மூஞ்சி இல்லைல்ல அத்தை. அதான் உள்ள விட மாட்டேங்காக. நான் என்னோடதச் செத்த நேரம் குடுத்திருக்கேன்."

"குடுத்துட்டு?"

"பொறவு தந்துருவா."

முன்னால் நின்ற மதினி திரும்பினார். "ஏட்டி, நீ வாங்கிக் குடுத்த சனியன்தான். பிள்ளை கோயில்ல நின்னுக்கிட்டு மூஞ்சி கீஞ்சின்னு பேசுதா பாரு."

சரிதான், விளையாட்டைப் பற்றிப் பிள்ளைகள் இப்படித்தான் பேசும் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தேன். கதவில் தெரிந்த நிழல் முன்பைவிடத் துலக்கமாக இருந்தது. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. இடது பாதத்தின்மேல் வலது பாதத்தை ஏற்றிக்கொண்டு நிற்கிற நிலை. எனக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் கோதை நின்றிருந்தாள். இடது பாதத்தின்மேல் வலது பாதம். அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

நாளை: ஞாயிறு. அவளை விளையாட விடாமல் என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

நான் பார்ப்பது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கோதையின் நெற்றியில் வலது புருவத்துக்கு மேலே ஓர் அம்மைத் தழும்பு உண்டு. மிளகு ஒன்று உட்காரும் அளவுக் குழி. நேற்று அவள் தலையைத் துவட்டும்போது அந்த இடத்தை என் விரல் தேடியது. குழி இல்லை. சுற்றியிருந்த தோலும் அந்த இடமும் ஒன்றாக இருந்தன. மதினியிடம் சொன்னேன்.

"எத்தன வருசமாச் சந்தனம் தடவுதேன். மறையாம என்ன செய்யும்? நல்லது நடந்தாலும் ஒனக்குப் பொறுக்காது."

பிறகு கொலுவின் கீழ்ப்படியருகே குனிந்து பார்த்தேன். பொம்மையின் மழுங்கிய முகத்தில் மூக்கு இருந்தது. சின்னதாக, சற்றே மேல்நோக்கிய மூக்கு. வலது பக்கம் நெற்றியில் ஊசிமுனைப் பள்ளம்.

பிளாஸ்டிக் சூட்டில் உப்பியிருக்கலாம். தட்டு எப்போதும் சூடாகத்தான் இருக்கிறது. இதையும் எழுதி வைக்கிறேன்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மாலையில் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அக்காவும் இன்னும் சிலரும் கொலு பார்க்க வந்தார்கள். கடலைச் சுண்டல் தாளித்த வாசம். மதினி கோதைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, முகத்தில் பவுடர் அப்பி நிறுத்தியிருந்தார். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. மதினி அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. சடையைப் பார்த்துப் பேசுவார், நகத்து அழுக்கைப் பார்த்துப் பேசுவார், பாவாடைக் கறையைப் பார்த்துப் பேசுவார். அதுவும் எப்போதும் திட்டுதான்.

"ஒரு பாட்டுப் பாடு கோதை," என்றார் சண்முகத்தாய் அக்கா.

கோதை வாயைத் திறந்தாள். முன்பல் விழுந்த இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை. உதடுகள் பிரிந்த இடம் வெறும் கோடாக இருந்தது. சத்தமும் வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த மௌனத்தில், படிகளுக்குப் பின்னாலிருந்து, அணைத்து வைத்திருந்த கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் இருக்கும் பக்கமிருந்து, பல்லிடுக்கில் காற்று சீறுகிற ஒரு குரல் பாட்டின் முதல் அடியை முணுமுணுத்தது. எங்கள் கோதையின் குரல். நான் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை.

"வெக்கப்படுதா," என்றார் சண்முகத்தாய் அக்கா. "எம்புட்டு அழகு பாரு. கொலு பொம்மை கணக்கா நிக்கா."

"போன வருசம் சுண்டல் சட்டியக் கவுத்துனவ இவதான்," என்றார் மதினி. "இப்பத்தான் பிள்ளை பிள்ளையா இருக்கா. ஓட்டமில்ல, கத்தலில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கோதையும் சிரித்தாளா என்று தெரியவில்லை. சிரிப்பதற்கு முகத்தில் ஏதாவது அசைய வேண்டும்.

நாளை: யாசினிடம் அழிக்கும் முறை கேட்க வேண்டும். இந்த முறை ஒத்திப்போடக் கூடாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் மதினி அரிவாள்மனை, தையல் மெஷின், என் ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் கம்ப்யூட்டர் திரைக்கும் நடுவில் ஒரு பொட்டு. பூஜையில் வைத்த எதையும் இன்று தொடக் கூடாது.

நேற்று யாசினிடம் கேட்டதற்கு, "வீட்டுலயே விளையாட்டுக்குள்ள போயி அழிக்கலாமே," என்றான். நேற்று முன்னிரவில் முயன்றேன். அழி என்ற பொத்தான் மங்கலாக இருந்தது. அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை. சொந்தக்காரருக்கு மட்டுமே அந்த உரிமை என்று வந்தது. அதற்குக் கீழே சொந்தக்காரர் பெயர்.

அந்த இடம் வெறுமையாக இல்லை. ஆங்கில எழுத்தில் கோதை என்று இருந்தது.

அவள் தட்டியிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு நினைவு வந்தது. அவளுக்கு ஆங்கில எழுத்து இன்னும் முழுதாக வராது. பெயரைத் தமிழில்தான் எழுதத் தெரியும். அதிலும் துணைக்காலை விட்டுவிடுவாள்.

இன்று பகல் முழுக்கக் கோதை கீழ்ப்படிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு ஊட்டினேன். பருக்கைகள் உதட்டோரம் தங்கித் தங்கி மடியில் விழுந்தன. "ஆ காட்டு" என்றேன். காட்ட முயன்றாள். அவள் முயல்வதை நான் பார்த்தேன். கண்களில் மட்டும் இன்னும் அவள் இருந்தாள்.

"அவகிட்ட திருப்பிக் கேளு கோதை," என்றேன், மெதுவாக. நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கோதை கையைத் தூக்கிப் பொம்மையைக் காட்டினாள்.

பொம்மையின் வாய் திறந்திருந்தது. உள்ளே வரிசையான பற்கள், அரிசி நுனி அளவில். முன்னால் ஒரு பல் இல்லை. கண் மட்டும்தான் பாக்கி.

மதினியிடம் போனேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். அண்ணனுக்குப் போன் பண்ணப் போகிறேன் என்றேன்.

"காய்ச்சல் இல்ல, சளி இல்ல. என்னன்னு சொல்லிக் காட்டப் போற? பிள்ளை சேட்டை பண்ண மாட்டேங்கா, மருந்து குடுங்கன்னா?" மதினி பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னார். "நாளையோட கொலு முடியுது. அதுவரைக்கும் என் கண்ணுல முழிக்காத."

அண்ணன் போனை எடுக்கவில்லை.

நாளை: விஜயதசமி. வகுப்பில் பூஜையில் வைத்த கருவிகளை மாலையில் எடுப்பார்கள். சிப்பைப் படிக்கவும் அழிக்கவும் அங்கே ஒரு ரீடர் இருக்கிறது. பொம்மையை எடுத்துப் போக வேண்டும்.

அக்டோபர் 2, வியாழன்

வரிசையாக எழுத வேண்டும்.

மதினி குளிக்கப் போன நேரத்தில் பொம்மையைத் தட்டிலிருந்து எடுத்தேன். படியேறிய பொம்மையை இறக்கினேன். அது எளிதாக வரவில்லை. வெல்லம் ஒட்டிய பாத்திரத்தைப் பெயர்ப்பதுபோல் இழுக்க வேண்டியிருந்தது. டிபன் டப்பாவில் போட்டு மூடினேன். கோதை எதிரே உட்கார்ந்திருந்தாள். முகத்தை அவள் என் பக்கம் திருப்பவில்லை. "செத்த நேரம். சரி பண்ணிட்டு வாரேன்," என்று காதருகே சொன்னேன். அவள் விரல்கள் என் சேலை முந்தானையைப் பிடித்தன. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்திருந்தேன். சூடான சோறு வைத்ததுபோல் தொடையில் சூடு ஏறியது. உள்ளே ஏதோ உருண்டது. பஸ் குலுங்கியபோது மட்டுமல்ல, சிக்னலில் நின்றிருந்தபோதும்.

வகுப்பில் சார் தேங்காய் உடைத்துப் பொரி கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தார். யாசின் எனக்காகக் காத்திருந்தான். ரீடரின் மேல் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. பூஜைக்குப் பிறகு அந்தக் கருவி செய்யும் முதல் வேலை இது.

டப்பாவைத் திறந்தேன். யாசின் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"இது நான் குடுத்ததா?"

"ஆமா."

"அதுக்கு மூஞ்சி கெடையாதே."

பொம்மை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கண்கள் வந்திருந்தன. நீர் கோத்த கண்கள். அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் கோதை பார்ப்பாளே, அப்படி. உதடு பிதுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எழுந்தது கோபம்தான். திருடி. எங்கள் பிள்ளையின் முகத்தை மாட்டிக்கொண்டு எங்களையே பார்க்கிறாள்.

"அழி," என்றேன்.

"இதுல ஒரு பேரு இருக்கு இந்து. கோதைன்னு. ஒங்க அண்ணன் மகதான? அவ வெளையாண்டது எல்லாம் போயிரும். பரவாயில்லையா?"

"அழி யாசின். கம்பெனியிலேருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிரு."

அவன் அழுத்தினான். ரீடர் ஒரு முறை கீச்சிட்டது. அவ்வளவுதான். பொம்மையின் முகத்தில் பாலில் ஆடை படிவதுபோல் ஒரு வழவழப்பு பரவியது. முதலில் உதடு. பிறகு மூக்கு. கண்கள் கடைசியாக. கடைசிவரை என்னைத்தான் பார்த்தன.

எனக்கு மூச்சு வந்தது. அழிந்தது, இனி எல்லாம் அவளிடம் போய்ச் சேரும் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை. டப்பாவை மூடும்போதுதான் கேட்டேன்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க போகும்?"

யாசின் பொரியை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான். "எங்க போகும்? அழிஞ்சது அழிஞ்சதுதான்."

செத்த நேரம் குடுத்திருக்கேன் என்றாள் கோதை. பொறவு தந்துருவா என்றாள். திருப்பித் தருவதற்கு அந்தப் பொம்மையிடம் இருந்ததை நான் அழித்துவிட்டேன்.

ஓடினேன். பஸ் நிலையம். கூட்டம். நின்றுகொண்டே பயணம். ஜன்னலுக்கு வெளியே இருட்டும் மரங்களும். எதிரே வந்த வண்டிகளின் வெளிச்சம் பஸ்ஸுக்குள் விழும்போதெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் ஒரு கணம் வெளுத்து, கண்ணும் மூக்கும் இல்லாமல் வழவழவென்று தெரிந்தன. கையில் டப்பா. இப்போது சூடு இல்லை. உள்ளே எதுவும் உருளவில்லை.

தெருமுனையில் செருப்பை உரசி நடந்தேன். வேண்டுமென்றே. அவள் ஓடி வர வேண்டும் என்பதற்காக.

வாசலில் யாரும் இல்லை.

கூடத்தில் விளக்கு மட்டும். கற்பூரம் அணைந்த வாசம். ஆரத்தி முடிந்திருந்தது. மதினி ஆரத்தித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க மதினி அவ?"

"சத்தம் போடாத. கொலு முடிச்சு ஒரு பொம்மையப் படுக்க வைக்கணும்லா. ஒம் பொம்மையத்தான் வைக்கலாம்னு பாத்தேன், அதைக் காணோம். எதைப் படுக்க வைக்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இவளே போயிப் படுத்துக்கிட்டா." மதினி சிரித்தார். இந்த வீட்டுக்கு நான் வந்த பிறகு அவர் என்னிடம் சிரித்தது இதுதான் முதல் தடவை. "எம்புட்டு சமத்து பாரு. தூங்குதா. எழுப்பிராத."

கீழ்ப்படி. நீல வெளிச்சம். பொம்மைகளை ஒதுக்கிவிட்டு நடுவில் நீளமாகப் படுத்திருந்தாள். பட்டுப் பாவாடை. இரண்டு கைகளும் உடம்போடு ஒட்டி நேராக. இடது பாதத்தின்மேல் வலது பாதம்.

மதினி முகத்துக்கு ஒரு துணியைப் போட்டிருந்தார். வெளிச்சம் கண்ணில் படக் கூடாது என்று.

எடுத்தேன்.

பவுடர் பூசிய நெற்றி. அதற்குக் கீழேயும் நெற்றி. முகவாய் வரைக்கும் நெற்றி.

மூச்சு வர இடம் இல்லை. ஆனாலும் நெஞ்சு ஏறியது. இறங்கியது.

"கோதை," என்றேன்.

என் சத்தத்துக்கு அந்தத் தலை திரும்பியது. எப்போதும் திரும்புவதுபோல. உடனே.

"தொடாதன்னு சொன்னேன்லா," என்றார் மதினி பின்னாலிருந்து. விளக்கைக் குளிரவைத்தார். "இனி விடியிற வரைக்கும் யாரும் படிகிட்ட வரக் கூடாது."

நான் என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு திறந்தேதான் இருக்கிறது. கூடத்தில் கம்ப்யூட்டர் திரை தானாக ஒளிர்ந்திருக்கிறது. சந்தனப் பொட்டுக்குப் பின்னால் அந்தப் பெரிய கதவு. அது திறந்து கிடக்கிறது. முன்னால் நின்றிருந்த பச்சை அங்கிக்காரியும் இல்லை, கதவிலிருந்த நிழலும் இல்லை. திறந்த கதவுக்கு நடுவில் ஒரு வரி மட்டும். இந்தப் பொம்மைக்குச் சொந்தக்காரர் இல்லை, புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்கிறது. ஆனால் தட்டில் எந்தப் பொம்மையும் இல்லை. பச்சைப் பொம்மை இன்னும் என் டப்பாவில் இருக்கிறது. தட்டின்மேல் இருப்பது கோதையின் தலை.

நான் இருமினால் அது இந்தப் பக்கம் திரும்புகிறது.

நாளை: காலையில் கொலு எடுக்க வேண்டும். மேல்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றி, முகம் மேலே பார்க்கும்படி பெட்டியில் அடுக்க வேண்டும். மதினி வேட்டியைக் கிழித்து வைத்துவிட்டார். கீழ்ப்படியில் படுத்திருப்பதைக் கடைசியாக எடுக்க வேண்டும்.